யானை போன கதவு

கதவைத் திறக்கச் சொல்லிக் கத்திக் கத்தி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது.

அந்தப் பக்கம் என் தம்பி மாசாணம் இருக்கிறான். இருமுகிறான். இந்தக் கதவை ஒட்டித்தான் என் கட்டில், அதனால் அவன் இருமல் எனக்கு அத்துப்படி. ஆள் இருக்கிறான், காது கேட்கிறது, திறக்க மட்டும் மாட்டேன் என்கிறான்.

எனக்குப் பின்னால் கோயம்புத்தூரின் பெரிய மனிதர்கள் ஏழெட்டுப் பேர் வியர்த்து வழிய நிற்கிறார்கள். என் கூடத்தில் இரண்டு பேர், நடையில் நான்கு பேர், மிச்சம் ராஜ வீதி வெயிலில்.

அவர்களைக் கூட்டி வந்தவள் லோகப்பிரியா. கட்டட வரைபடம் போடுகிற பெண். பழைய ஊரை இடிக்காமல் பிழைக்க வைப்பேன் என்று தொண்ணூற்றைந்தாம் வருடம் புறப்பட்டவள், இன்னும் நடந்துகொண்டே இருக்கிறாள்.

அவளுடைய யோசனை சுலபமானதுதான். கோனியம்மன் கோயிலில் தொடங்கி, பழைய சத்திரம், கல் கிணறு, மச்சு வீடுகள் எல்லாவற்றையும் ஒரே நடைவழியாகக் கோத்துவிடுவது. பார்க்க வருகிறவர்கள் நடந்தே பார்ப்பார்கள். வழியில் இருக்கிற வீடுகளை மாநகராட்சியே பழுது பார்த்துக் கொடுக்கும். வழியில் சேராத வீடுகள் சாலையை அகலப்படுத்தப் போய்விடும்.

என் முன்சுவரில் இடிப்பதற்கான சிவப்புக் கோடு போட்டாகிவிட்டது. தம்பி வீட்டுச் சுவரிலும்தான்.

எங்களைக் காப்பாற்றுவதற்கு இருப்பது இந்தக் கதவு ஒன்று.

தாத்தா கட்டியபோது இது ஒரே வீடு. ஒரு வாசல் ராஜ வீதியில், இன்னொரு வாசல் பின் வீதியில். இரண்டு வீதியையும் நடந்துபோய்ச் சேர்க்க வேறு சந்து கிடையாது. பங்கு பிரித்தபோது முன்பாதி எனக்கு வந்தது, பின்பாதி அவனுக்குப் போனது. நடுவில் இந்தத் தேக்குக் கதவு. அன்றைக்குச் சாத்தியது. அப்போது ஊருக்குள் டெலிவிஷன்கூட வரவில்லை.

சண்டை எதற்கு என்று எனக்கு மறந்துவிட்டது. அவனுக்கு ஞாபகம் இருக்கும். கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்றால் பேச்சுவார்த்தை இல்லை.

"கதவு நல்ல கனமுங்க" என்றாள் லோகப்பிரியா, கூட்டத்தைச் சமாளிக்க.

"இருக்காதுங்களா அம்மணி? இதுக்குள்ள யானையே போயிருக்குது. ஆனைமலையிலிருந்து இந்த மரத்த இழுத்துட்டு வந்த யானை, தச்ச கதவு எப்படி இருக்குதுன்னு பாக்க வந்துச்சு."

"கதவு மூணடிதானுங்களே அகலம்?"

"மெலிஞ்ச யானைங்க. அந்த வருசம் பஞ்சம்."

யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இன்னொருவர், "இது ஆகாதுங்க, இந்த ரெண்டு வீதியையும் விட்டுப்போட்டு மத்ததப் பாக்கலாம்" என்றார். கடப்பாரை என் தலையிலேயே விழுந்த மாதிரி இருந்தது. இன்றைக்கு முழு வழியையும் நடந்து காட்டினால்தான் இவர்கள் சரி என்பார்கள். இல்லாவிட்டால் சிவப்புக் கோடு.

ஆள் விட்டுச் சொல்லியாயிற்று. பால்காரரிடம் சொல்லியாயிற்று. அவன் சம்பந்தியிடம்கூடச் சொல்லிப் பார்த்தாயிற்று. கல்லை முழுங்கியவன் மாதிரி இருக்கிறான்.

நான் கதவை மறுபடி தட்டினேன். எங்கள் வீட்டில் கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும்.

"ஏனுங்க! புண்ணியமாப் போகுதுங்க, தாழ்ப்பாள எடுங்க! ரெண்டு பேரு ஊடும் போகப்போகுதுங்க!"

இருமல் நின்றது.

"தாழ்ப்பாப் போட்டது நீங்கதானுங்களே! நீங்களே எடுங்க!"

இத்தனை வருடத்தில் முதல் பேச்சு. அதுவும் பொய்.

"நான் எங்கீங்க போட்டேன்? என்ற பக்கம் தாழ்ப்பா சும்மாதானுங்க தொங்குது! நீங்க போட்டுட்டப்பறம் நான் வேற எதுக்குங்க போடோணும்?"

"நானும் போடலீங்களே! நீங்க போட்டுட்டீங்கன்னுதானுங்க நான் போடல!"

லோகப்பிரியா என்னைப் பார்த்தாள்.

"இத்தன வருசத்துல ஒருக்காகூட இழுத்துப் பாக்கலீங்களா?"

"அடுத்தவிய சாத்துன கதவ இழுத்துப் பாக்கறது மரியாதைங்களா, அம்மணி?"

அவள் கதவு வளையத்தில் ஒரு விரலை மாட்டி இழுத்தாள்.

கதவு திறந்தது.

அந்தப் பக்கம் மாசாணம் கஞ்சி போட்ட சட்டையும் வெளுத்த வேட்டியுமாக நின்றுகொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் பெஞ்சின் மேல் வரிசையாக டம்ளர்களில் மோர். காலையிலேயே ஊற்றி வைத்திருக்க வேண்டும், மேலே தண்ணீர் தெளிந்து நின்றது.

பெரிய மனிதர்கள் ஆளுக்கொரு டம்ளர் எடுத்துக்கொண்டு, குடித்தபடியே பின் வீதிக்கு நடந்தார்கள். அவ்வளவுதான். வழி சேர்ந்துவிட்டது.

லோகப்பிரியா மட்டும் நகரவில்லை. கதவை முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தாள்.

"இத்தன வருசம் மூடிக் கெடந்த கதவு. ஒரு கிறீச்சுச் சத்தங்கூட இல்லீங்களே?"

"சிறுவாணித் தண்ணி குடிச்ச தேக்குங்க" என்றேன்.

அவள் கீலைத் தொட்டாள். விரல் பளபளத்தது. முகர்ந்து பார்த்தாள்.

நான் விளக்கெண்ணெய்ப் புட்டியைக் காலால் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன்.

மாசாணம் பார்த்துவிட்டான். புட்டியைப் பார்த்தான், கீலைப் பார்த்தான்.

"ஏனுங்ணா" என்றான். "வெள்ளிக்கெழமையானா இந்தக் கதவுச் சந்துல வெளக்கெண்ண வாசம் வருமுங்க. உங்களுக்கு வயிறு செரியில்லையாட்ட இருக்குதுன்னு, நானும் வாராவாரம் கோனியம்மனுக்கு வெளக்குப் போட்டுட்டிருந்தனுங்க."