பிசகிய சுரம்

“அந்த மெதுவான பாட்டு வேணாம்ணே, விட்டுடலாம்.”

மேடை ஏறப் போகிற நேரத்தில் இப்படிச் சொன்னான் என் கொழுந்தன். கழுத்தில் சாக்ஸபோன் தொங்குகிறது, முகத்தில் ஒரு சிரிப்புகூட இல்லை.

“ஏன், என்னால முடியாதுங்கிறியா?” என்றார் என் கணவர்.

“அதுல பியானோ தனியா வரும். எல்லார் காதும் உங்க மேலதான் இருக்கும்.”

“இருக்கட்டும்டா. வாசிக்கிறேன்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஸ்கூட்டரிலிருந்து விழுந்து, இவர் கை ஒடிந்து கிடந்தபோது எட்டிக்கூடப் பார்க்காதவன். இப்போது வந்துவிட்டான் அக்கறையாக! கூடப் பிறந்தவனே குழி பறித்தால் யாரிடம் போய்ச் சொல்ல?

அந்தக் காலத்து ஜாஸ் மேதைகளின் பாட்டுகளை வாரா வாரம் வாசிக்கிற குழு அது. கை குணமாகி இவர் இன்றுதான் மறுபடி வாசிக்கப் போகிறார். அரங்கத்து முதலாளி கறாராகச் சொல்லியிருந்தார்.

“இன்னிக்குக் கேட்டுட்டு முடிவு பண்றேன். கை பழையபடி ஓடுச்சுன்னா அவரே இருக்கட்டும். எங்கேயாவது தடுமாறினா வேற ஆளைப் பார்த்துக்குவேன்.”

சொல்லிவிட்டுக் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டார். நான் முதல் வரிசையில், முந்தானையைத் திருகிக்கொண்டு இருந்தேன்.

மற்ற பாட்டுகள் எல்லாம் நன்றாகவே போயின. பிறகு அந்த மெதுவான பாட்டு வந்தது. வீட்டில் கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம். ஒவ்வொரு இடமாகக் கூடவே போய்க்கொண்டிருந்தேன்.

பாட்டின் நடுவில் அவருடைய இடது கை விரல் பக்கத்துக் கட்டையில் விழுந்தது.

ஐயோ! நல்லவேளை, மெதுவாகத்தான் விழுந்தது. முதலாளிக்குக் கேட்டிருக்காது.

அப்படி நினைத்து மூச்சு விடுவதற்குள், கொழுந்தன் துள்ளி எழுந்தான். அது அவன் வாசிக்கிற இடமே இல்லை. அதே தப்பான சுரத்தை அரங்கமே அதிரும்படி ஊதினான்!

அதோடு விட்டானா? மறுபடியும் அதே சுரம், இன்னும் சத்தமாக. திரும்பவும் அதே!

“என்னாச்சு இந்த ஆளுக்கு?” என்றார் பின்னால் ஒருவர்.

அடப்பாவி! அண்ணன் தப்பு பண்ணிட்டார்னு தண்டோரா போடுறியா?

என் கணவர் நிமிர்ந்து தம்பியை ஒரு பார்வை பார்த்தார். நெற்றியெல்லாம் வியர்வை. பிறகு குனிந்து, அந்தச் சுரத்துக்கு அடியில் ஏதேதோ சேர்த்து வாசித்தார். எப்படியோ அதுவும் பாட்டோடு ஒட்டிக்கொண்டது. கைதட்டல் எழுந்தது. எனக்குக் கை தட்டத் தோன்றவில்லை.

கச்சேரி முடிந்ததும் நேராக மேடைக்குப் பின்னால் இருந்த அறைக்குப் போனேன்.

“நல்லா இருப்பியாடா நீ? அண்ணன் தடுக்கி விழுந்தா தூக்கி விடாம, ஊரைக் கூட்டியா காட்டுவே?”

“அண்ணி, கொஞ்சம் மெதுவா பேசுங்க.”

“இன்னும் என்னடா மெதுவா? அதான் குடும்பத்தையே தெருவுல நிறுத்திட்டியே!”

கதவு திறந்தது. முதலாளி நின்றார்.

அவர் என்னையும் என் கணவரையும் தாண்டி, நேராகக் கொழுந்தனிடம் போனார்.

“என்னய்யா வாசிச்சே? இத்தனை வருஷமா வாசிக்கிற பாட்டுல போய் அபஸ்வரமா ஊதுறே! உங்கண்ணன் மட்டும் அதைச் சமாளிக்கலைன்னா என் மானமே போயிருக்கும்.”

பிறகு என் கணவர் பக்கம் திரும்பினார்.

“அடுத்த வாரத்துலேர்ந்து நீங்களே வாசிங்க சார். இவனை மாதிரி ஆளுங்களைக் கட்டி மேய்க்க நீங்கதான் சரி.”

“இல்லை சார், அது வந்து என்னோட...” என்று ஆரம்பித்தார் என் கணவர்.

கொழுந்தன் முந்திக்கொண்டான்.

“ஆமா சார், என் தப்புதான். அண்ணன்தான் காப்பாத்தினார்.”