ரெண்டு நாள் மெட்ராஸ்

"யம்மா, மணி எட்டு ஆவப் போவுது. சுத்திப் பாக்க வந்த எடத்துலயும் வெங்காயம் உரிச்சிக்கிட்டு ஒக்காந்திருந்தா என்னா அர்த்தம்?"

விடுதிச் சமையலறை வாசலில் தோள்பையோடு நின்றிருந்தாள் பிரிசில்லா. உள்ளே அவள் அம்மா பாக்கியமேரி, முன்பின் பார்த்திராத அறுபது பெண்களின் சாம்பாருக்குச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"இங்க ஆக்கிக்கிட்டிருந்தவங்க போன வாரம் நின்னுட்டாங்களாம் பிரிசி. வார்டன் சிஸ்டர் ஒத்த ஆளா அல்லாடுறாங்க. தோ, பத்து நிமிசம்."

பத்து நிமிடம் முக்கால் மணி நேரமானது. பிரிசில்லாவுக்கு அழுகை வரும்போல இருந்தது.

சிதம்பரத்தில் பள்ளி ஆசிரியை அவள். அம்மா இருப்பது கடலூரில், அண்ணன் ராபர்ட் வீட்டில். ஐம்பத்தாறு வயதாகியும் சென்னையைப் பார்க்காத அம்மாவுக்குக் காலாண்டு விடுமுறையில் இரண்டு நாள் ஊரைக் காட்டுவது என்று முடிவு செய்து, மூன்று வயது மகளை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். சாந்தோமில் தோழி ரீட்டா தங்கியிருக்கும் விடுதியிலேயே விருந்தினர் அறையும் கிடைத்தது.

ஆனால் அம்மாவுக்கு எதுவுமே பிடிக்கவில்லை.

நேற்று மெரினாவில் ஐந்து நிமிடம் நின்றாள். "நம்ம சில்வர் பீச்சுதான். கொஞ்சம் பெருசு" என்று திரும்பிவிட்டாள். அருங்காட்சியகத்தில் கால் வலிக்கிறது என்று பெஞ்சில் உட்கார்ந்தாள். கலங்கரை விளக்கத்தின் உச்சியில், "அந்தாண்டதான நம்ம ஆஸ்டல் இருக்கு? வா, போவலாம்" என்றாள். சாந்தோம் மாதா கோயிலில் மட்டும் அரை மணி நேரம் முழங்காலிட்டிருந்தாள்.

விடுதிக்குத் திரும்பியதும் அந்தக் கால் வலி எங்கே போனதோ, நேராகச் சமையலறைக்குப் போய் ராத்திரிக்கு மீன் குழம்பு வைத்தாள். ரீட்டா மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டாள். பிரிசில்லாவுக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

இன்று ஒருவழியாக மெட்ரோ ரயிலில் ஏற்றி உட்கார வைத்தபோது ராபர்ட்டின் போன் வந்தது. காலையிலிருந்து நாலாவது தடவை.

"யம்மா, மிக்சியோட சின்ன ஜாரு எங்க வச்ச? ஒன் மருமவ தேடிக்கிட்டுக் கெடக்கா."

அம்மா இடத்தைச் சொன்னாள். "ராத்திரி வந்துருவல்ல? நாளைக்கு அவ வீட்டு ஆளுங்க எட்டு பேரு வராங்க" என்றான்.

பிரிசில்லா போனைப் பிடுங்கினாள். "அம்மா கடலூர்ல எறங்காது. நேரா எங்கூட சிதம்பரம். எங்க அத்த நாளைக்கு அவுங்க பொண்ணு வீட்டுக்குக் கெளம்புறாங்க. ஒரு மாசம் பாப்பாவ யாரு பாத்துக்குவா?"

"இதுக்குத்தான் ஊரச் சுத்திக் காட்டுறேன்னு இட்டுக்கிட்டுப் போனியா?"

"நீ மட்டும் யோக்கியமா? அப்பா செத்ததுலேருந்து அந்த வீட்டுல அம்மா ஒரு நாளு ஒக்காந்து சாப்புட்டிருக்கா?"

நாலு நிலையங்கள் கடந்தும் சண்டை ஓயவில்லை. எதிரில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பாக்கியமேரி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ரயில் அப்போது சுரங்கத்துக்குள் போய்க்கொண்டிருந்தது. வெளியே பார்க்க ஒன்றும் இல்லை.

போனை வைத்த பிரிசில்லா அம்மாவிடம் பாய்ந்தாள். "நீ ஒரு வார்த்த பேச மாட்டியா? நாங்க ரெண்டு பேரும் அடிச்சிக்கிறோம், நீ பாட்டுக்கு ஒக்காந்திருக்கியே."

"என்னாத்தப் பேசுறது? நீங்கதான் ரெண்டு பேரும் பேசுறீங்களே" என்றாள் அம்மா. "ரூமுக்குப் போலாம் பிரிசி. சிஸ்டர்கிட்ட சொல்லிட்டு வரணும்."

அதற்கு மேல் பிரிசில்லாவால் முடியவில்லை. மாலில் அம்மாவுக்கு ஒரு புடவை எடுக்கலாம் என்று வைத்திருந்த திட்டத்தையும் விட்டுவிட்டு விடுதிக்குத் திரும்பினாள்.

சொல்லிவிட்டு வரப் போன அம்மா, சிஸ்டரின் அறையிலிருந்து அரை மணி நேரமாக வெளியே வரவில்லை. ஆட்டோ வந்து வாசலில் நின்றது. கிளாம்பாக்கம் போய்ச் சேரவே ஒன்றரை மணி நேரமாகும். மூன்று மணி பஸ்ஸை விட்டால், பாப்பா தூங்குவதற்குள் சிதம்பரம் போக முடியாது. ஆட்டோக்காரர் இரண்டு தரம் ஹாரன் அடித்துவிட்டார்.

அம்மா ஒருவழியாக வந்தாள். பிரிசில்லாவின் பையைத் தூக்கி ஆட்டோவில் வைத்தாள்.

"ஒன் பை எங்க?"

"ரூம்ல இருக்கு."

"அத எடுத்துட்டு வரக் கூடாதா? ரெண்டு நாளா என் உசுர வாங்குற நீ. ஆச ஆசையா இட்டுக்கிட்டு வந்தேன், ஒரு எடத்தயாவது நல்லா பாத்தியா? பஸ்ஸு போயிரும்மா, ஓடு."

பாக்கியமேரி ஓடவில்லை. மகளின் கன்னத்தை ஒரு முறை தொட்டாள். கையில் இன்னும் வெங்காய வாசனை இருந்தது.

"நீ கெளம்பு பிரிசி. நான் இங்க வேலைக்குச் சேந்துட்டேன்."