பிழையைப் பிடித்தவள்

அப்பா மூதூரிலிருந்து திரும்ப அரை மணித்தியாலமே இருந்தது. அவருக்குத் தெரியாமல் காரின் பழைய ஸ்பீக்கர்களைக் கழற்றிப் புதியவற்றைப் பூட்டிய சிந்துஜன் ஓடிப்போய் அக்காவின் முன்னால் நின்றான்.

"அக்கா, பாட்டு தகரம் மாதிரிக் கேக்குது. அப்பா வந்தா நான் துலைஞ்சன்!"

பிரியதர்சினி முன்சீட்டில் ஏறி, கைகளை அகட்டி, இரு கதவு ஸ்பீக்கர்களிலும் விரல் வைத்தாள்.

"மடையா, இது வெளியில தள்ளேக்க அது உள்ளுக்கு இழுக்குது. ஒண்டில வயரை மாறிக் கொழுவிப்போட்டாய்."

அவன் மாற்றிக் கொழுவினான். மேளம் நெஞ்சில் இடித்தது.

வாசலில் அப்பா!

"உது என்ர காரே? நல்லாக் கேக்குதடா!"

"அக்காதான் பிழையைப் பிடிச்சவ."

"கெட்டிக்காரி!"

அவள் திரும்பவில்லை. பத்து வயதில் வந்த காய்ச்சலோடு அவளுக்குக் காது கேளாமல் போயிருந்தது. அப்பா அவள் முன்னால் போய், உதடு தெரிய மறுபடியும் சொன்னார்.