கதவு மாத்திரை

அப்பாவைக் கிடத்தியிருந்த கண்ணாடிப் பெட்டியின் மேல் தலையை மோதி மோதிக் கதறினாள் புஷ்பலீலா. ஆனால் கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை.

“இப்படி வறண்டு கெடந்தா நெஞ்சு வெடிச்சிரும். அவள அழ வைங்கட்டி!” என்று பெண்களை விரட்டினாள் சித்தி. அப்பா அவளுக்குச் சைக்கிள் பழக்கிய கதையைச் சொல்லி ஒருத்தி ஒப்பாரியை எடுத்தாள்.

வாசலில் நின்ற ஜெபராஜால் மனைவியை எழுப்பிக்கொண்டு போகவும் முடியவில்லை, வாய் திறக்கவும் முடியவில்லை. நான்கு வருடமாக அவள் கதவு மாத்திரை சாப்பிடுவது இந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. அப்பா தாங்கமாட்டார் என்று அவனிடம் சத்தியம் வாங்கியிருந்தாள்.

மாத்திரையைக் கொடுத்த அன்றே டாக்டர் சொல்லிவிட்டார்: “புற்று செல்லுக்குள்ள உப்பு போய்வர்ற கதவையெல்லாம் இது சாத்திடும். கட்டி வளராது. கண்ணுலயும் அதே கதவுதான், அதனால கண்ணீர் வராது. என்னைக்காவது வந்தா, மருந்தை மீறிக் கதவு திறந்துடுச்சுன்னு அர்த்தம். அதுக்கப்புறம் எங்க கையில ஒண்ணும் இல்ல.”

சைக்கிள் கதை முடியவில்லை. சித்தி சட்டென்று புஷ்பலீலாவின் முகத்தை இரண்டு கையாலும் நிமிர்த்தினாள். கன்னத்தில் ஈரமாக ஒரு கோடு இறங்கியிருந்தது.

“வந்துட்டு! நல்லா அழு, என் தங்கம்!” என்று அவளைக் கட்டிக்கொண்டாள்.

சித்தியின் தோளுக்கு மேலே புஷ்பலீலா கன்னத்தைத் தொட்டாள். ஈரமான விரலைப் பார்த்தாள். கதறலை அப்படியே நிறுத்திவிட்டுக் கூட்டத்தில் ஜெபராஜைத் தேடினாள்.

“இனி பயமில்ல, மருமவனே” என்றாள் சித்தி.

அவன் தலையாட்டினான்.