சாப்பாட்டு மேசையில் ஒரு கொள்வனவுச் சபை

“மூணு கடையில கொட்டேஷன் எடுக்காம ஒரு ஆணி கூட இந்தக் கட்டடத்துக்குள்ள வராது!” என்று மேசையில் தட்டினார் செல்லச்சாமி. சபை அடங்கியது. எதிரே அமர்ந்திருந்த உறுப்பினர்கள் இருவரும் பணிவாகத் தலையாட்டினார்கள்.

கட்டடம் என்பது அம்பிட்டியவிலுள்ள அவருடைய சொந்த வீடு. மேசை, சாப்பாட்டு மேசை. உறுப்பினர்களில் ஒருத்தி கீரை ஆய்ந்துகொண்டிருந்த மனைவி சுந்தரி; மற்றவள் பேராதனையில் பொறியியல் படிக்கும் மகள் சஞ்சீவனி.

சஞ்சீவனி தன் கையாலேயே ஒரு வீடியோ கேம் மெஷின் செய்யப் போகிறாள். கைக்குள் அடங்கும், அந்தக் காலத்து கேம் எல்லாம் அதில் ஓடும். அதற்கான ஸ்க்ரீன், சின்ன கம்ப்யூட்டர் போர்ட், பட்டரி, ஸ்பீக்கர், பட்டன் எல்லாவற்றையும் தனித்தனியாக வாங்கிச் சேர்க்க வேண்டும். சபை கூடியது அதற்காகத்தான்.

செல்லச்சாமி பிறந்ததிலிருந்து ஒரு கேமும் விளையாடியவரல்ல. ஆனால் பெரிய அலுவலகமொன்றின் கொள்வனவுப் பிரிவில் தலைமை எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர். குண்டூசி தொடக்கம் குப்பை லொறி வரை அவருடைய கையெழுத்தில்லாமல் அங்கே எதுவும் உள்ளே வந்ததில்லை.

ஓய்வு பெற்ற கையோடு வீட்டைச் சீர்திருத்தத் தொடங்கினார். சமையலறை அலுமாரி அகர வரிசைக்கு மாறியது. சுந்தரி குழம்பை அடுப்பில் வைத்துவிட்டு மிளகாய்த் தூளைத் தேடி அலைந்தாள். மீன்காரரிடம் விலையை எழுத்தில் கேட்டார். அந்த மனிதர் பிறகு அந்த ரோட்டுப் பக்கமே தலைகாட்டவில்லை.

இவ்வளவு செய்தும் செல்லச்சாமியின் நெஞ்சில் ஒரு குறை கிடந்தது. “சேர், இதுக்கு என்ன செய்யலாம்?” என்று கேட்டுக்கொண்டு இப்போது ஒருவரும் வருவதில்லை. வாசலில் மணி அடித்தால் அது தண்ணீர் பில்லாக இருந்தது.

அந்த நேரத்தில்தான் மகள் வந்து நின்றாள். “அப்பா, இந்தச் சாமானெல்லாம் பாத்து வாங்குறதுக்கு உங்கள விட்டா ஆள் இல்ல.” மறுநாள் செல்லச்சாமி முகச்சவரம் செய்து, சப்பாத்துக்குப் பொலிஷ் போட்டு, கொட்டேஷன் கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஸ் ஏறினார்.

ஸ்க்ரீனுக்காகக் கண்டி, பேராதனை, கெலிஓயா மூன்றையும் சுற்றினார். வாங்கி வந்த பெட்டியைச் சஞ்சீவனி இரண்டு கையாலும் வாங்கி, பிரிக்காமலே அலுமாரியில் வைத்துப் பூட்டினாள்.

“ஏன் புள்ள, பிரிச்சுப் பாக்கலயா?”

“எல்லாம் வந்து சேரட்டும்ப்பா.”

“பாத்தியா சுந்தரி! சாமான் முழுசா வந்த பெறகுதான் பரிசோதனை. நான் சொல்லிக் குடுக்கவே இல்ல. என் ரத்தம்!”

“ஆமா, அப்படியே உங்கள உரிச்சு வச்சிருக்கா” என்றாள் சுந்தரி, நிமிராமல்.

ஒரு சாமான் வந்தால் இன்னொன்று தேவைப்பட்டது. பட்டரி வந்ததும் அதற்கு சார்ஜர் போர்ட். ஸ்பீக்கர் வந்ததும் அதற்கு ஒரு சின்ன வயர், அதுவும் வெள்ளை நிறத்தில். பட்டன் சிவப்பா நீலமா என்பதில் சபை முடிவெடுக்காமலே கலைந்தது.

“ரெண்டையும் நல்லா விசாரிச்சிட்டு வாங்கப்பா” என்றாள் சஞ்சீவனி.

“அவசரமே இல்லங்க. நிதானமா பாருங்க” என்றாள் சுந்தரி. “மத்தியானச் சாப்பாட்டையும் கட்டித் தந்துர்றேன்.”

மனைவிக்கு இப்போதுதான் தன் வேலையின் அருமை புரிகிறது என்று செல்லச்சாமி பூரித்துப்போனார். அலுவலகத்தில்கூட யாரும் அவருக்குச் சோறு கட்டித் தந்ததில்லை.

கடைசியாக மிஞ்சியது ஜோய்ஸ்டிக். கண்டி டவுனில் நஸீப்பின் கடையில் அது கிடைத்தது. ஒவ்வொரு விலை ஒப்பீட்டிலும் அந்தக் கடையே வென்றதால், எல்லாச் சாமான்களும் கடைசியில் அங்கேதான் வாங்கப்பட்டிருந்தன.

“சேர், பெட்டிய மட்டும் உடைச்சிராதீங்க. பில்லும் பத்திரமா ஈக்கட்டும்” என்றார் நஸீப்.

“உங்கள மாதிரி நாலு வியாபாரி இருந்தா கணக்குச் சோதிக்கிற ஓடிட்காரனுக்கு வேலையே இருக்காது தம்பி!” என்று அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கினார் செல்லச்சாமி. பெருமை தாங்கவில்லை. கடையில் நின்றபடியே வீட்டுக்குப் போன் போட்டார்.

“புள்ள, ஜோய்ஸ்டிக் கெடச்சிருச்சு! கொள்வனவு பூரணம்! இனி நீ செய்யத் தொடங்கலாம்.”

“ஐயோ அப்பா, நீங்க இல்லாட்டி இது நடந்தே இருக்காது!” என்றாள் மகள். போனை மேசையில் வைக்கும் சத்தம் கேட்டது. அழைப்பைத் துண்டிக்க மறந்துவிட்டாள்.

“அம்மா! கடைசிச் சாமானும் வாங்கிட்டாரு!”

“அடக் கடவுளே, அதுக்குள்ளயா?”

“நஸீப் நானா எல்லாத்தையும் திருப்பி எடுத்துக்குறேன்னு சொல்லியிருக்காரு, அது பிரச்சின இல்ல. ஆனா இதுக்கு மேல கேக்குறதுக்கு ஒரு சாமானும் இல்லம்மா. எனக்கே கேமப் பத்தி ஒண்ணும் தெரியாது.”

செல்லச்சாமி போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. போனில் தன் பெயர் கேட்டதும் நஸீப்புக்குத் திடீரென்று மேல் தட்டைத் தூசு தட்டும் வேலை வந்துவிட்டது.

போனுக்குள் சுந்தரியின் குரல் நிதானமாக வந்தது.

“அடுத்தது கொஞ்சம் பெரிய மெஷினா பாரு புள்ள, தீவாளி வரைக்கும் தாங்கணும்.”