மருந்துக் கடையின் கடைசி சோடா

அன்று அந்தப் பழைய மருந்துக் கடையில் இருந்தவர்கள் நால்வர்: கோலி சோடா புட்டி, மருந்து அரைக்கும் கல்வம், கடைக்காரர் அருளானந்தம், வெளியூரிலிருந்து வந்த ஒருவர்.

"இன்றைக்கும் இந்த சோடா விற்காவிட்டால், நாளைக்குப் புட்டியை உடைசல் கண்ணாடியோடு போட்டுவிட வேண்டியதுதான்" என்று அருளானந்தம் காலையில் சொன்னதிலிருந்து புட்டிக்கு உயிர் உயிராக இல்லை.

வந்தவர் கடையைச் சுற்றிப் பார்த்துக் கண் கலங்கினார். "சின்ன வயதில், இங்கே தண்ணிமருந்து கலக்கித் தருகிற வரைக்கும் இந்த பெஞ்சில் உட்கார்ந்து இஞ்சி சோடா குடிப்போம். அந்த ருசி இப்போது எங்கே ஐயா கிடைக்கிறது?"

"பிழைத்தேன் அண்ணே" என்று புட்டி கிசுகிசுத்தது.

"அழுகிறவனெல்லாம் குடித்துவிடுவானா? பொறு தம்பி" என்றது கல்வம்.

"கல்லை யாரும் நொறுக்கி உருக்கப் போவதில்லை. உனக்கென்ன, பேசுவாய்."

வந்தவர் புட்டியை எடுத்து ஆசையாகத் தடவினார். கன்னத்தோடு சேர்த்துப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார். புட்டி மூச்சை அடக்கிக் காத்திருந்தது.

"உடைக்கட்டுமா சார்?" என்று அருளானந்தம் கோலியை அழுத்தும் கட்டையைக் கையில் எடுத்தார்.

வந்தவர் புட்டியின் வாயில் படிந்திருந்த அழுக்கை உற்றுப் பார்த்தார். அதை மெல்ல மேசைமேல் வைத்தார். கைக்குட்டையால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டு வெளியே நடந்தார்.