காலி நாற்காலியின் ஆட்டம்

போக்கர் மேசையில் ஆள் இல்லாத நாற்காலிக்கும் டீலர் இரண்டு சீட்டுப் போட்டார். எழுந்து போனவருக்காகக் கேசினோவில் ஆட்டம் நிற்காது. சுற்றுக்குச் சுற்று கட்டாயப் பந்தயத்தை அவருடைய சிப்ஸ் வில்லைகளிலிருந்தே எடுத்துக்கொள்வார்கள். இது தகுதிச் சுற்று; வில்லைகள் தீர்ந்து இன்னும் ஒருவர் வெளியேறினால் போதும், மிஞ்சியவர்கள் அத்தனை பேருக்கும் பெரிய ஆட்டத்தில் இடம் நிச்சயம். வெளியேறப்போவது கையில் கொஞ்சம் வில்லைகளே மிஞ்சியிருந்த சுலோசனாவா, அந்த நாற்காலியா என்று மேசையே பார்த்துக்கொண்டிருந்தது.

“பரமானந்தம் சார் எங்க? இடைவேளைல யாராச்சும் பாத்தீங்களா?” என்றார் டீலர்.

சுலோசனா தன் வில்லைகளை அடுக்கத் தொடங்கினாள். இடைவேளையில் பின்பக்க மாடிப்படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பரமானந்தம், அவளைக் கண்டதும் கையை உயர்த்தியிருந்தார். மணி அடித்துவிட்டது என்று அவள் ஓடிவந்துவிட்டாள்.

தன் சீட்டுகளின் நுனியைத் தூக்கிப் பார்த்தாள். இரண்டும் ஆஸ். இதற்கு மேல் நல்ல சீட்டு கிடையாது. ஆடினால் தோற்கவும் வாய்ப்பு உண்டு. சும்மா இருந்தால் இல்லை. இந்தச் சுற்று வேண்டாம் என்று கவிழ்த்தபடியே தள்ளிவிட்டாள்.

காலி நாற்காலியின் முன்னால் கடைசி வில்லைகள்தான் மிச்சம்; அவற்றையும் எடுத்தால் பரமானந்தம் வெளியே. “பாவம், இன்னொரு தடவ கூப்ட்டுப் பாருங்களேன்” என்றார் பக்கத்தில் இருந்தவர். அவற்றை எடுக்க நீண்ட டீலரின் கை பாதியில் நின்றது.

“ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான்” என்றாள் சுலோசனா. “எடுங்க சார்.”